நான்காவது தோள்

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் பாலன் போய்விட்டான். அது 1936. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்றுகொண்டார்கள். ஐயர் இல்லை, சங்கு இல்லை. அப்படிப்பட்ட சாவுக்குத் தோள் கொடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. சடங்கில்லாமல்தான் தன்னை எடுக்க வேண்டும் என்று பாலன் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் அவன் மனைவி பவுனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பாடைக்கு நான்கு தோள் வேண்டும். சடங்குகளை ஒழிக்கப் பாலனும் சேர்ந்திருந்த சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர் நாகையா, பட்டறைத் தொழிலாளி விஜயன், பக்கத்துத் துணிக்கடை யூனுஸ். முப்பது பேர் இருந்த சங்கத்தில் மிஞ்சியது நாகையாவும் விஜயனும்தான்.

நான்காவதாகக் கிள்ளானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்துத் தம்புசாமி வந்தார், நெற்றி நிறைய நீறோடு.

ரப்பர்த் தோட்டம் தோட்டமாகச் சைக்கிள் மிதித்துச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர் அவர். மகள் பிழைத்தால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார், பிழைத்தாள், எடுத்தார். சங்கம் அவரை நீக்கியது. அதற்குக் கை தூக்கியவர்களில் பாலனும் ஒருவன். அன்று அவன் சோற்றைத் தொடவில்லை. "சரியாத்தான் செஞ்சோம் பவுனு" என்று மூன்று முறை சொன்னான். அவன் மனசு அதற்கு ஒப்பவில்லை என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்புசாமி போன பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"நீறு பூசினவன் இதைத் தொடக்கூடாது" என்றார் நாகையா. "செத்தவனே கை தூக்கின தீர்மானம்."

"யூனுஸ் பாய் தொப்பியோட நிக்கிறாரே, அவரை ஒண்ணும் கேக்கல?" என்றார் தம்புசாமி.

"அவர் சங்கத்தில சேரல. நீ சேந்துட்டு மீறினவன்."

"அப்ப சேராமலே இருந்திருந்தா நான் நல்லவனா லா?"

யூனுஸ் தலையைக் குனிந்துகொண்டார். தம்புசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "சரி, துடைச்சிர்றேன். இவனுக்காக."

"வேணாண்ணே" என்றாள் பவுனம்மாள். "சடங்கு வேணாம்னுதான் அவரு சொன்னாரு. நீங்க வேணாம்னு சொல்லல."

நாகையா பாடையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் தொட மாட்டேன்."

மறுபடியும் மூன்று தோள்தான். பவுனம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"என்ன தங்கச்சி பண்றே?" என்றார் நாகையா.

"பொம்பளையும் சுடுகாட்டுக்கு வரலாம்னு நீங்கதானே அண்ணே எழுதி வச்சீங்க?"

நாகையா ஒதுங்கி வழி விட்டார்.

பாடை தெருவில் இறங்கியது. முன்னால் தம்புசாமிக்குப் பக்கத்தில் பவுனம்மாள். வாசல்களில் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்தார்கள். பத்தடி பின்னால் நாகையா தனியாக நடந்து வந்தார். தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் அவளுக்குக் கால் இடறியது. பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"விடு தங்கச்சி. நீ குள்ளம். பாடை சாயுது."

மூங்கில் நாகையாவின் தோளுக்கு மாறியது. தம்புசாமியின் நெற்றி நீறு வியர்வையில் கரைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. நாகையா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

வெகுதூரம் போன பிறகு, "ஞாயித்துக்கிழமை சங்கத்துக் கூட்டம் இருக்கு" என்றார்.

"யாருக்குச் சொல்றீங்க?" என்று கேட்டார் தம்புசாமி.

"ரோட்டைப் பாத்து நட லா."

பவுனம்மாள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பாடையின் ஓரத்தைப் பிடித்தபடியே நடந்தாள்.