அச்சுதன் அண்ணன் ஒழுங்காக அடித்த ஆல்பம்

சிக்னல் கோளாறு என்று ஒரு ராக் பேண்டு இருந்தது. தாம்பரத்தில் ஆரம்பித்துத் தாம்பரத்திலேயே முடிந்தது. நடுவில் பல்லாவரம் வரை போய்வந்தது. அதில் டிரம்ஸ் அடித்தவன் நான். பெயர் அச்சுதன், வயது ஐம்பத்து நான்கு, இப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் சீனியர் அசிஸ்டென்ட். எங்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள் என்பதை என் மகள் மிருதுளா இன்றுவரை நம்பவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. அடிக்க ஆரம்பித்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். வேண்டுமென்று செய்வதில்லை. நாலு நிமிஷப் பாட்டை மூன்றரை நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். பாடகன் ஜெயகிருஷ்ணன் மூச்சு வாங்க என் பின்னால் ஓடி வருவான். மேடையை விட்டு இறங்கியதும், "எந்த ட்ரெயினைப் பிடிக்கப் போறே?" என்று கேட்பான். பேண்டு உடைந்ததற்குப் பத்துக் காரணம் சொல்வார்கள். அதில் ஏழு நான்.

இருபத்து நான்கு வருஷம் கழித்துப் போன ஆவணியில் அவனே போன் செய்தான். எல்லாரும் மறுபடி சேர்ந்து ஒரு ஆல்பம். தலைப்பு 'மீண்டும் கோளாறு'. நான் இரண்டு நாள் லீவு போட்டு, வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் எட்டுப் பாட்டுக்கும் அடித்துக் கொடுத்தேன். டிக் டிக் என்று தாளம் சொல்லும் ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார்கள். அதையும் முந்தினேன்.

ஆல்பம் வெளிவருவதற்கு முதல் நாள்தான் ஜெயகிருஷ்ணன் விஷயத்தைச் சொன்னான்.

"மச்சான், கோச்சுக்காதே. உன் டிரம்ஸ் எல்லாத்தையும் எடுத்துட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டோம். அட்டையில உன் பேர்தான் இருக்கு. ஒரு மரியாதைக்கு."

கல்யாணப் பத்திரிகையில் காலமானவர்கள் பெயரைப் போடுவதும் மரியாதைக்குத்தான் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

எங்கள் ரசிகர்களுக்கு 'கோளாறு வெறியர்கள்' என்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்று பேர். பேண்டு ஆட்களைச் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் மனம் விட்டுத் திட்ட முடியாது என்று விதி. அதனால் நான் என் மனைவி திரிபுரசுந்தரியின் நம்பரில் அதில் இருக்கிறேன். எல்லாரும் என்னை 'சுந்தரி மேடம்' என்பார்கள். "என் பேர்ல சண்டை போடாதீங்க, நம்ம பால்காரரும் அதுல இருக்கார்" என்று அவள் பலமுறை எச்சரித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆல்பம் வந்தது. அனகாபுத்தூர் ஆசாமி ஒருவர் நாற்பது வினாடி கேட்டுவிட்டு, இந்த நூற்றாண்டின் ஆல்பம் என்று எழுதினார். ஜெயகிருஷ்ணன் குரல் கிணற்றுக்குள் விழுந்த சொம்பு போல இருக்கிறது என்றார் இன்னொருவர். இன்னும் கேட்கவில்லை, ஆனாலும் பழசு மாதிரி வராது என்று ஒருவர் தீர்ப்பு சொன்னார். கிடாரிஸ்ட் தலையில் இருப்பது சொந்த முடிதானா என்பதில் அரைநாள் போயிற்று. இடையில் ஒருவர் மகாலட்சுமி படம் போட்டு இனிய வெள்ளி என்றார். அதற்கு விழுந்த கும்பிடு எந்தப் பாட்டுக்கும் விழவில்லை.

டிரம்ஸ் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "இது அச்சுதன் இல்லையே" என்று கேட்டால் போதும். மனைவியின் போனை ஆபீசுக்கு எடுத்துப் போய், பாத்ரூமுக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை வந்துவிட்டதா என்று பக்கத்து சீட்டு பியூலா விசாரித்தாள்.

சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல், சுந்தரி மேடமாக, "டிரம்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். குரூப்பை நடத்தும் சக்திவேல் குரலிலேயே பதில் அனுப்பினான்.

"மேடம், அத்த ஏன் கேக்குறீங்க. அச்சுதண்ணன் இந்த தபா இன்னா அடி அடிச்சிகீறாரு. ஒரு எடத்துலகூட ஓடல. இந்தத் தெறமய இவ்ளோ நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தாருன்னு தெர்ல."

அதற்கு இருபத்தேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். மனைவியின் போன் என்பதால் விட்டேன். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது. முப்பது வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்தக் குரலை நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பாக்கத்தில் எல்லாரும் கூடி ஆல்பம் கேட்பதாக ஏற்பாடு. சக்திவேல் அந்த ஊர்க்காரன். அவன் குடும்பத்து நிலம் இப்போது சின்னதாக ஒரு கல்யாண மண்டபமாக நிற்கிறது. அங்கேதான். என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டு அவசியம் வரவேண்டும் என்றான். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

ஆனால் நுழைந்ததுமே பொன்னாடை போர்த்திவிட்டார்கள். நம் ஊரில் பொன்னாடை போர்த்திய ஆளிடம் அடுத்த கணம் மைக்கைக் கொடுப்பார்கள். தோளில் ஜரிகையோடு நின்றுகொண்டு யார்தான் உண்மை பேச முடியும்? "எல்லாம் பயிற்சிதான்" என்றேன். முப்பது பேர் கை தட்டினார்கள்.

மூன்றாவது பாட்டு 'ஈரச்சட்டை'. பழைய கேசட்டில் இருந்ததையே புதிதாகப் பாடியிருந்தோம். இரண்டாம் சரணம் வந்ததும் எல்லாரும் பழக்கத்தில் தாளம் தட்ட ஆரம்பித்தார்கள். நாலு அடிக்குள் கை முன்னால் போய்விட்டது, பாட்டு பின்னால் நின்றது. நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி தட்டினார்கள், மறுபடி ஓடினார்கள். சக்திவேல் எழுந்துபோய் ஒயரை ஆட்டிப் பார்த்தான்.

"ஸ்பீக்கர்ல எதோ பேஜார் கீது."

"ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். ஜெயஸ்ரீ, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "அச்சுதன் சார்தான் கெடுத்துட்டார். அந்த எடத்துல நீங்க ஓடுவீங்க சார், நாங்களும் கூடவே ஓடுவோம். காலேஜ்ல பெஞ்சைத் தட்டினதெல்லாம் அப்படித்தான். இது ஆபீஸ்ல கைரேகை வச்சுட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. நல்லா அடிச்சிருக்கீங்க. எனக்கு வேண்டாம்."

மூன்று நாளாகக் காத்திருந்த ஆள் வந்துவிட்டார், ஆனால் என்னைத்தான் திட்டுகிறார்.

"அது நான் இல்லம்மா" என்றேன். "என்னைத் தூக்கிட்டாங்க. கம்ப்யூட்டர்தான் அடிக்குது."

சக்திவேல், "அண்ணனுக்கு இன்னா ஒரு தன்னடக்கம் பாரு" என்றான். மறுபடி கைதட்டல். பிறந்ததிலிருந்து என்னைத் தன்னடக்கம் உள்ளவன் என்று சொன்னது அவன் ஒருவன்தான். அதுவும் நான் உண்மையைச் சொன்னபோது. ஜெயஸ்ரீ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டை முதல்லேருந்து போடுப்பா" என்றேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தேன். நிரூபிக்க வேண்டுமென்றால் தப்பாக அடிக்க வேண்டும். என் புத்தியைச் சொல்ல வேண்டும், அப்போதும் ஒழுங்காக அடிக்கத்தான் பார்த்தேன். முப்பது பேர் பார்க்கிறார்களே. முதல் சரணம் வரை கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டுதான் போனேன்.

இரண்டாம் சரணத்தில் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஓடியது. பின்னாலேயே முப்பது பேர் கையும் ஓடியது. ஒருவர்கூடத் தடுக்கி விழவில்லை. ஜெயஸ்ரீ ஒரு காலில் செருப்போடு திரும்பி வந்து சுவரைத் தட்டினார். நாங்கள் பாட்டை முடித்தபோது ஸ்பீக்கரில் ஜெயகிருஷ்ணன் இன்னும் ஒன்றரை வரி தனியாகப் பாடிக்கொண்டிருந்தான்.

சக்திவேல் என் பக்கத்தில் வந்து நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதாண்ணா நீங்க" என்றான். "கொஞ்சங்கூடத் திருந்தல."

"ஆமாம்பா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.