இரும்பு படாத காடு

மரத்தைப் பிடுங்க வந்தவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வியாபாரி, கரி விற்றுப் பிழைப்பவன். என் கோபமெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்மேல்தான். அதிலும் என் வீட்டுக்காரர்மேல்தான் அதிகம்.

மேலகரத்துக்கு மேற்கே, மலை இறங்கி வயலைத் தொடுகிற இடத்தில் எங்கள் சாஸ்தா காடு இருக்கிறது. இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவு சின்னக் காடு. ஆனால் உள்ளே போனால் உச்சி வெயிலிலும் இருட்டாக இருக்கும். நாவலும் இலுப்பையும் எட்டியும் நெருங்கி நிற்க, தொடை பருமனுள்ள கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும். நடுவில் ஒரு கிழட்டு நீர்மருது. அதன் வேருக்கடியில் ஓர் ஊற்று. சாரல் பொய்த்த வருஷத்திலும் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான்.

அந்தக் காட்டுக்குள் இரும்பு படக்கூடாது. தண்ணீருக்குப் போகிற பெண்கள் இடுப்புச் சாவியைக்கூட எல்லைக்கல்லில் வைத்துவிட்டுத்தான் போவோம். பூசை வைக்கிற உரிமை என் வீட்டுக்காரர் பால்வண்ணநாதனுக்கு. காட்டு விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஜெர்மன்காரனோடு சண்டை வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும், தென்காசி பஸ்களுக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டி, கரிப்புகையில் ஓட்டினார்கள். கரிக்கு அப்படியொரு கிராக்கி. சங்கிலிப்பாண்டி என்கிற கரி வியாபாரி வந்து, மரங்களைக் கொடுத்தால் சாஸ்தாவுக்குக் கல்மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னான். இரும்பு படக்கூடாதே என்று ஊர் இழுத்தது. அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். செங்கோட்டைக்கு அந்தப்புறத்திலிருந்து யானையைக் கொண்டுவந்து, தேங்காய்நார் வடம் கட்டி மரத்தை வேரோடு சாய்ப்பானாம். எல்லைக்கல்லுக்கு வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் கோடரியாம்.

"ஒரு ஆணிகூட உள்ள வராது அண்ணாச்சி" என்றான்.

என் வீட்டுக்காரரும் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தார். மரமெல்லாம் போனால் ஊற்று என்னாகும், வெட்டவெளியில் சாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"பெரியவுக இரும்பு படக்கூடாதுன்னுதானே சொல்லிருக்காக. மரம் சாயக்கூடாதுன்னு சொல்லலியே" என்றார்.

கையிலிருந்த அகப்பையை அவர் தலையில் போடாமல் விட்டேனே, அதற்கே எனக்கு ஒரு மண்டபம் கட்டலாம்.

யானை வந்தது. அதன் காற்சங்கிலியை எல்லைக்கல்லில் கழற்றி வைத்தார்கள். பாகன் அங்குசத்தையும் மடிக்கத்தியையும் வைத்துவிட்டுக் கும்பிட்டு உள்ளே போனான். என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. அன்று சாயங்காலத்துக்குள் நாவல் மரங்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. கிளையில் ஒட்டி வளர்ந்திருந்த பூச்செடிகளும் அடியில் கிடந்த பெரணியும் காட்டு மஞ்சளும் யானைக் காலடியில் கூழாகிவிட்டன. ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. மறுநாள் நீர்மருதுக்கு வடம் கட்டப்போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

காலையில் எல்லாரும் கூடி நிற்கையிலேயே, புல்லறுக்கிற அரிவாளோடு எல்லைக்கல்லைத் தாண்டினேன். மருதிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதன் பட்டையில் அரிவாளைக் கொத்தி அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அப்போதுதான் ஊருக்குக் கோபம் வந்தது. அத்தனை மரம் விழுந்தபோது வராத கோபம். காடு தீட்டாகிவிட்டது என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆமா, தீட்டாயிட்டு" என்றேன். "இனி பங்குனி உத்திரத்துக்குப் பரிகாரம் பண்ணாம ஒரு உசுரு உள்ள போகக்கூடாது. ஆனையும் உசுருதான்."

இரும்பு பட்டால் உத்திரம்வரை காட்டுக்குள் போகக்கூடாது என்பதும் பெரியவர்கள் சொன்னதுதானே. அப்போது ஆடி மாதம்; உத்திரத்துக்கு இன்னும் எட்டு மாதம். அதுவரை யானையைக் கட்டித் தீனி போட யாரால் முடியும்? சங்கிலிப்பாண்டி என்னை முறைத்துக்கொண்டே வண்டியேறினான்.

ஊற்றுக்கும் போகக்கூடாதென்று ஆனதால் பெண்கள் ஆற்றுக்கு நடந்தார்கள். நடந்த தூரமெல்லாம் என்னை வைதார்கள். இவர் என் கையால் சாப்பிடமாட்டேன் என்று அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் செய்தது தப்பென்று ஒருநாளும் தோன்றவில்லை.

பங்குனி உத்திரத்தன்று அரிவாளைப் பிடுங்கி எறிந்து, மஞ்சள்நீர் தெளித்துப் பரிகாரம் முடித்தார்கள். மருதுக் காயம் அதற்குள் பாதி மூடியிருந்ததாம். அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து இலை போடச் சொன்னார். சந்தோஷமாகத்தான் சோறு வைத்தேன். முதல் கவளத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு ஆனை வருது. நீ வாசப்படி தாண்டக்கூடாது."

குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து, கூரை இறவாணத்தில் செருகியிருந்த வெட்டரிவாளை உருவினேன். அவர் கை சோற்றிலேயே நின்றது.

"எங்கட்டி போற?"

"காட்டுக்கு" என்றேன். "நீங்க பதறாமச் சாப்பிடுங்க. அடுத்த உத்திரம் வரைக்கும் நேரங் கெடக்கு."