மருந்துக்கடை அக்கா கொடுத்த ஆதரவு

அரசு மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடியதிலிருந்து, வலி எடுத்த பெண்கள் மலைப்பாதை வழியாக அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஒருத்திக்கு ஆம்புலன்ஸிலேயே குழந்தை பிறந்து இறந்துபோனது. அவள் கணவன் மருந்துக்கடை வாசலில் நின்று அழுத அன்றுதான், கடைக்கார அக்கா நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தாள்.

அவளுக்குக் கட்சி கிடையாது. கணவரோ எதிர்க்கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தியே தலை நரைத்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மனைவிக்காக முதன்முறையாகத் தன் கட்சியின் சின்னத்தைக் கைகழுவினார். பிரதமரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, நம் ஊருக்காக ஓர் ஆளைத்தான் அனுப்புகிறோம், அந்த ஆள் இவளாக இருக்கட்டுமே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் ஜெயித்தாள்.

தலைவலி அதன் பிறகுதான் ஆரம்பித்தது. நாடாளுமன்றத்தில் இரண்டு அணிகளும் சரிக்குச் சரி. எந்தப் பக்கமும் சேராமல் நின்றது அவள் ஒருத்திதான். அவள் யாருக்குக் கை தூக்குகிறாளோ அவர்களுக்கே ஆட்சி. இரண்டு தலைவர்களும் அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னார்கள். அவள் கேட்டது பிரசவப் பிரிவை மட்டும். எதிர்க்கட்சித் தலைவர் பரிசீலிப்பதாகச் சொன்னார். ஆளுங்கட்சி, நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பே திறந்துவிடுவதாக ஒத்துக்கொண்டது.

கணவருக்குச் சோறு இறங்கவில்லை. "மூடினவங்களுக்கே ஆதரவு கொடுக்கப் போறியா? நான் வெளிய தலை காட்ட வேணாமா?"

"எனக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிப் பேரு உங்க பக்கம், பாதிப் பேரு அந்தப் பக்கம். எங்க போனாலும் பாதி ஊரு திட்டத்தாங்க போகுது. பிரசவத்துக்குப் போற பொண்ணு திட்டாம இருந்தா எனக்குப் போதும்."

பிரிவு திறந்தது, அரசு பிழைத்தது. கணவர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் முதியோருக்கான இலவச மருந்தை அரசு நிறுத்தப் பார்த்தது. தன்னால் ஆதரிக்க முடியாது என்று பிரதமரிடமே சொன்னாள். பட்ஜெட் தோற்றால் ஆட்சி கவிழும், பிரசவப் பிரிவுக்கும் உத்தரவாதமில்லை என்றார் அவர். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவரே பதறினார்.

"அவசரப்படாத. அவங்க போயிட்டா, வர்றவங்க அதை மூடிட்டா?"

ஆட்சி கவிழ வேண்டுமென்று சாமி கும்பிட்ட மனிதர் இப்படிச் சொன்னது அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் இலவச மருந்து வருவதற்கு முன் கடையில் மருந்துச்சீட்டை நீட்டி, "பாதி வாரத்துக்கு மட்டும் குடும்மா" என்று கேட்ட கிழவர்களின் முகம் அவளை விடவில்லை. எதிர்த்தே வாக்களித்தாள். அரசு கவிழ்ந்தது, சபை கலைந்து மறுபடி தேர்தல் வந்தது.

இந்த முறை ஜனங்களுக்கு நிலையான ஆட்சி வேண்டியிருந்தது. கணவரின் கட்சி அலையாக வந்தது, அக்கா தோற்றாள். முடிவு வந்த மாலையில் அவர் அவளருகே வந்து உட்கார்ந்தார்.

"நான் உனக்குத்தான் போட்டேன்."

"அது ரகசியம்ங்க. கேட்டாலும் சொல்லக் கூடாது."

புதிய அரசு பிரசவப் பிரிவில் கை வைக்கவில்லை. ஏன் என்று அவள் யோசித்ததுண்டு. நல்ல மனசாக இருக்கலாம்; ஒருத்தியின் கோபம் ஒரு ஆட்சியைக் கவிழ்த்தது நினைவிருந்ததாலும் இருக்கலாம். தோற்ற மறுநாள் காலையே அவள் வழக்கம்போல் போய்க் கடையைத் திறந்திருந்தாள்.