வுகாஷினின் நெஞ்சுக்குரல்

மொராவா ஆற்றங்கரைக் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிப்பது வுகாஷினின் வேலை. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. போன மாதக் கல்யாணத்தில் அதுவும் போனது.

கல்யாண வாசகத்தை அடிக்குரலில் தொடங்கி, வரிக்கு வரி ஒரு படி ஏற்ற வேண்டும். மனைவி கணவனுக்கு அஞ்ச வேண்டும் என்கிற கடைசி வரி உச்சியில் இடியாக விழ வேண்டும். அந்த நொடியில்தான், வீட்டில் இனி யார் கை ஓங்கும் என்று காட்ட, மணப்பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பாள். ஊரே அதற்காகக் காத்திருக்கும். வுகாஷின் பயத்தில் பாதி உயரத்திலிருந்தே தொடங்கிவிட்டான். உச்சியில் நெஞ்சு கைவிட்டது. குரல் தலைக்குத் தாவி, கதவிடுக்கில் வால் சிக்கிய பூனையாகக் கத்தியது. சிரித்த சிரிப்பில் மணப்பெண் மிதிக்கவே மறந்துபோனாள்.

"சனிக்கிழமை இன்னொரு கல்யாணம் இருக்கு. அதுலயும் கீச்சுன்னா, இனிமே ராதோயேதான் வாசிப்பான்," என்றார் பாதிரியார் கவ்ரிலோ. ராதோயே பஸ் டிரைவர். ஹாரன் தேவைப்படாதவன்.

சந்தையில் மிளகாய் விற்கும் மனைவி ஸ்தமேனா, அன்று மாலை அவன் மார்பில் உள்ளங்கையை வைத்தாள்.

"வாசி."

வாசித்தான்.

"ஒண்ணும் அதிரலையேய்யா. மண்டையாலயா வாசிக்கற? அங்கதான் ஒண்ணும் இல்லையே."

"பயமா இருக்குடி."

"காலைல காபி ஆறிப்போச்சுன்னு உறுமுவியே, அதுதான் அடிக்குரல். அங்கேருந்து ஆரம்பி. மேல போறப்போ தொண்டையை இறுக்காத. சந்தையில எதிர்க்கடைக்காரியைக் கூப்பிடற மாதிரி கூப்பிடு. என் கை அதிர்ற வரைக்கும் உனக்குச் சாப்பாடு கிடையாது."

செவ்வாய்க்கிழமை உறுமினான். புதன்கிழமை பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. வியாழக்கிழமை அவள் கை அதிர்ந்தது. பீன்ஸ் சூப் கிடைத்தது. அதுவரை அக்கா வீட்டில் சாப்பிட்டான்.

சனிக்கிழமை உறுமலிலிருந்தே தொடங்கினான். ராதோயே முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். படி ஏற ஏற வுகாஷினின் மார்பெலும்பு அதிர்ந்தது. கடைசிக்கு முந்தின வரியில் தொண்டை இறுகப் பார்த்தது; எதிர்க்கடைக்காரியை நினைத்துக்கொண்டான். கடைசி வரி இடியாக இறங்கியது. விளக்குக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினான்.

மனைவி அஞ்ச வேண்டும் என்று முழங்கிய அதே மூச்சில் வுகாஷின் திரும்பி, பெண்கள் நடுவில் நின்ற ஸ்தமேனாவைப் பார்த்தான், சரியா என்று. அவள் தலையசைத்தாள். அப்புறம்தான் புத்தகத்தை மூடினான்.

கோயில் கொல்லென்று சிரித்தது. மணப்பெண் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை மிதித்தாள்.

பாதிரியார் தாடிக்குள் முணுமுணுத்தார்: "வாசிப்பு உன்கிட்டயே இருக்கட்டும். நெஞ்சு சரியாயிடுச்சு. கழுத்துதான் இன்னும் அவ பக்கம் திரும்புது."