பத்தில் ஒரு வாய்

இறந்தவர் எவரும் இல்லாமல் போவதில்லை; அவரிடமிருந்த ஆற்றல் உணவு வலையில் அடுத்த இடத்துக்கு நகர்கிறது, ஆகவே அழுவதற்கு அறிவியலில் இடமில்லை என்று, அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து வாசல் குழாயில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே மகன் அறிவித்தான். சூழலியல் இரண்டாம் ஆண்டு. அதே பாடத்தில் சென்ற பருவம் தேறவில்லை என்பதை அவன் குறிப்பிடவில்லை.

"அந்த ஆற்றல் உங்கம்மா பக்கம் கொஞ்சம் நகரட்டும்" என்றாள் அத்தை. "நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. சர்க்கரை மாத்திரை வேற போட்டிருக்கா. மயங்கி விழுந்தா என்ன பண்றது?"

"நீங்க சொல்லலாமே அத்தை."

"சொல்லாமயா? 'இதோ சாப்பிடறேன் அண்ணி'ங்கறா. கைதான் வர மாட்டேங்குது."

மீன் பண்ணையில் அப்பாவோடு வேலை பார்த்தவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நான்தான் தீனி போட்டேன் தம்பி. ஒண்ணும் கிட்ட வரல. எல்லாம் அவர் நிக்கிற மூலையிலயே போய் நின்னுச்சு."

அது வெறும் பழக்கம், காலடி அதிர்வுக்குப் பழகிய எதிர்வினை என்று விளக்க அவன் வாயெடுத்தான். பிறகு குழாயை மூடிவிட்டு வீட்டுக்குள் போனான்.

உள்ளே அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆறிப்போன சோறு. பின்கட்டுக் கொடியில் அப்பாவின் சட்டை இன்னும் துவைக்காமல், தவிடும் புண்ணாக்குமாக மணத்துக்கொண்டு தொங்கியது.

"சாப்பிடும்மா."

"சாப்பிடறேன்டா." கை மடியிலேயே இருந்தது.

அந்தக் கை எதற்காகக் காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்பா தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்தார். உப்பு கூடிவிட்டதோ என்று அம்மா எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். இவளுக்கு நம் தட்டுச் சோறு அவ்வளவு பிடிக்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கடைசி வாயை அவள் தட்டில் வைக்கத் தொடங்கினார். அவளும் திருத்தவில்லை. அது வந்தபிறகுதான் அவள் சாப்பிட ஆரம்பிப்பாள். அவள் முடிக்கும்வரை அவர் கை கழுவப் போகமாட்டார்.

போன விடுமுறையில் ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு அவன் சும்மா இருந்தானா? "குளத்துப் பாசி வெயிலைச் சாப்பிடுது. பாசியைப் பூச்சி, பூச்சியை மீன், மீனை அப்பா. ஒவ்வொரு படியிலயும் பத்துல ஒண்ணுதான் மேல போகும், மிச்சமெல்லாம் சூடா காத்துல போயிடும். கடைசியில உனக்கு வர்றது எச்சில் சோறு ஒரு வாய். இதுக்குப் போய் காத்துக் கிடக்கறியேம்மா!"

"மேல் படியில யாருடா இருப்பா, விஞ்ஞானி?" என்று அப்பா கேட்டார்.

"புலி."

"அப்ப சரியாத்தான் வச்சிருக்கேன்." அம்மா கரண்டியை ஓங்கினாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

போன சூடு திரும்புவதில்லை. பாடப்புத்தகத்தில் அந்த வரிக்கு அவனே அடிக்கோடு போட்டிருந்தான்.

இப்போது அவன் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான். அப்பாவின் இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. பசியில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சோற்றை இறக்கினான். ஓரத்தில் ஒரு வாய் ஒதுக்கினான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, உப்பு கூடிப்போச்சா?"

"தெரியலம்மா. நீ பாத்துச் சொல்லு."

அவள் கை மடியிலிருந்து எழுந்தது.

அத்தை வாசலிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். பந்தல்காரர் வந்திருந்தார். விரல்களில் சோறு காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. கை கழுவ எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.