கூடாரமும் கம்பியும்

ஓரகத்தி சிரித்த முகமாகப் பேசினாலே மூத்தவள் அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். இத்தனைக்கும் இளையவள் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்யாததுதான் சந்தேகம். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே கட்டடத்தில் கீழ் வீடும் மேல் வீடுமாக இருக்கும் இரண்டு பெண்களுக்குள் இத்தனை வருஷத்தில் ஒரு சண்டைகூட வரவில்லை என்றால் யாரோ ஒருத்தி நடிக்கிறாள் என்றுதானே அர்த்தம்? தான் நடிக்கவில்லை என்பது மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும்.

உத்தியோகமும் அதற்கேற்ற உத்தியோகம். விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஊரார் பைகளைத் துருவிப் பார்க்கிற வேலை. போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகும் அந்த நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில்தான் அவளைக் கண்ணாடிச் சாமானாக்கி வைத்திருந்தார்கள். காய்கறிப் பையைத் தூக்கினால் கணவர் ஓடிவந்து பிடுங்குவார். நடக்கலாம், ஏறலாம், சுமக்கலாம் என்று டாக்டரே சொல்லியாயிற்று. யார் காதில் ஏறியது?

அப்போதுதான் இளையவள் மலைக்குக் கூப்பிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, மலை ஏறுவதில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஊரும் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது, நாள் கணக்கில் காட்டுக்குள் நடை. மூத்தவளின் கணவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கடைசியில், தம்பி மனைவி கூட இருந்தால் போகலாம், அவள் இல்லாமல் ஓர் அடி நகரக்கூடாது என்று இறங்கி வந்தார். அன்றைக்கு மூத்தவள் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். இந்தப் பயணம் கைகூடாவிட்டால் மிச்சக் காலம் முழுக்கக் கண்ணாடிச் சாமான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேல் வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டார்கள். இளையவள் முதல் நாளே ஒரு விதி சொன்னாள்.

“பொதுச் சாமானைப் பிரிச்சுத்தான் கட்டணும்க்கா. கூடாரத் துணி ஒருத்தர்கிட்ட, கம்பி இன்னொருத்தர்கிட்ட. அடுப்பு ஒருத்தர்கிட்ட, கேஸ் குப்பி இன்னொருத்தர்கிட்ட. அப்பதான் வழியில எவ்வளவு சண்டை போட்டாலும் பொழுது சாஞ்சா ஒண்ணு சேர்ந்துதான் ஆகணும்.”

மூத்தவளுக்கு அந்த விதி பிடித்துப்போனது. நம்பிக்கையை நம்பாமல் கம்பியை நம்புகிற விதி அது.

ஆனால் போகப் போக ஒவ்வொன்றாக உறுத்தியது. பாதையின் நடுவில் ஜீப் தடம் ஒன்று குறுக்கே வரும் இடத்தில் பென்சில் வட்டம் இருந்தது. கேட்டதற்கு, சும்மாதான் என்றாள் இளையவள். மலை வழிகாட்டியிடம் போனில் பேசும்போது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சும்மா போட்ட வட்டத்துக்கும் சாத்திய கதவுக்கும் முடிச்சுப் போட மூத்தவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? தன்னைப் பாதியில் ஜீப்பில் ஏற்றி அனுப்பப்போகிறாள், கணவரும் இதற்கு உடந்தை என்று முடிவே கட்டிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்திருந்தார்கள். கீழ் வீட்டு வாசலிலிருந்து முழுப் பாரத்தோடு இருவரும் மொட்டை மாடி வரை ஏற வேண்டும். அண்ணனும் தம்பியும் மேலே காத்திருந்தார்கள். இளையவள் ஷூ மாட்ட உள்ளே போன நேரத்தில் மூத்தவளின் கை சும்மா இருக்குமா? இளையவள் கட்டிக் கொடுத்திருந்த தன் பையைத் திறந்தாள். கூடாரத் துணி இருந்தது. கம்பியும் இருந்தது. அடுப்பு, கேஸ், தண்ணீர் வடிகட்டி, எல்லாம் அதிலேயே இருந்தன. இளையவள் பையில் அவளுடைய துணிமணியும் தூங்கும் பையும் தின்பண்டமும் மட்டும்.

ஓகோ, இதுதானா சங்கதி என்றிருந்தது அவளுக்கு. பாதி வழிகூட வேண்டாமாம், மாடிப்படியிலேயே மூச்சு முட்ட வைத்துக் கணவர் கண்ணெதிரே உட்கார வைக்கத் திட்டம். கொதிப்பு தலைக்கேறியது. கிடுகிடுவென்று பொதுச் சாமான் அத்தனையையும் இளையவள் பைக்கு மாற்றி, வாரை இழுத்துக் கட்டி, ஒன்றும் அறியாதவள் போல் நின்றாள்.

இளையவள் பையைத் தூக்கியபோது அவள் முகம் ஒரு கணம் மாறியது. மூத்தவள் மனசுக்குள் கைதட்டிக்கொண்டாள். ஆனால் இளையவள் வாயைத் திறக்காமல் ஏறத் தொடங்கினாள்.

மொட்டை மாடிக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது அவளுடைய வலது கால் மடங்கியது. பையோடு சரிந்து படிவளைவில் விழுந்தாள். பேன்ட்டை மேலே சுருட்டினாள். முட்டியில் இறுக்கிக் கட்டிய பட்டையும், அதற்கு வெளியே பிதுங்கி நின்ற பழைய வீக்கமும் தெரிந்தன.

“இது எப்ப வந்துச்சு?” என்றாள் மூத்தவள்.

“பள்ளிக்கூடத்துல விழுந்தேன். ஜீப் தடம் வரைக்கும் எப்படியாவது தாங்கும்னு நெனச்சேன். அங்க வழிகாட்டியோட ஒரு குழு வரும். உங்களை அவங்களோட சேர்த்துவிட்டுட்டு நான் ஜீப்ல திரும்பிடலாம்னு பேசி வச்சிருந்தேன். கூடாரம், அடுப்பு எல்லாம் உங்ககிட்ட இருந்தாத்தானே நீங்க மேல போக முடியும்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்களும் வரமாட்டீங்க. மாமாவும் விடமாட்டாரு.”

“பையைத் தூக்கினப்பவே கனம் தெரிஞ்சிருக்குமே.”

“தெரிஞ்சுது. முட்டியப் பத்திச் சொல்லாம அதை எப்படித் திருப்பித் தர்றது?”

மூத்தவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. இத்தனை வருஷம் இவளிடம் தேடித் தேடியும் கிடைக்காத கள்ளத்தனத்தை இன்று தன் கையாலேயே செய்து முடித்திருந்தாள். அழுகை வந்தது. அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

சத்தம் கேட்டு அண்ணனும் தம்பியும் இறங்கி வந்தார்கள். தம்பி மனைவியின் காலைப் பார்த்ததுமே மூத்தவளின் கணவர், மலையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்றார். பையைத் தான்தான் மாற்றியதாகச் சொல்ல மூத்தவள் வாயெடுத்தாள். இளையவள் அவள் கையை அழுத்தி நிறுத்தினாள்.

“நான்தான் மாமா எல்லாத்தையும் என் பையில அடைச்சேன். என்னால முடியல, அவ்வளவுதான். அக்கா மொத்தத்தையும் தூக்கிட்டு மேல வரைக்கும் ஏறட்டும். அதைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க.”

மூத்தவள் குனிந்து, துணி, கம்பி, அடுப்பு, கேஸ் என்று ஒவ்வொன்றாகத் தன் பைக்குள் திருப்பி வைத்தாள். உதவிக்கு நீண்ட கணவரின் கையை விலக்கினாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கத் துணிவில்லாமல் படியேறினாள். கணவர் பின்னாலேயே வந்தார்.

மொட்டை மாடியில் வெயில் அடித்தது. “மூச்சு வாங்குதா?” என்று கேட்டார் கணவர்.

வாங்கவில்லை. படிவளைவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை நினைத்தபோது, அன்றைக்கு மட்டுமாவது வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.