கண் மூட ஒரு நாழிகை

சின்னக் காஞ்சிபுரத்தில் சம்பத்குமாரின் தியானம் பிரசித்தம். விடியற்காலையில் ஸ்நானம் பண்ணித் திருமண் இட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தானானால் மனுஷன் அசையமாட்டான். ஈ மூக்கின்மேல் உட்காரும்; அலுத்துப்போய்த் தானே பறந்துவிடும். செங்கல்பட்டுக்குப் போகிற புது மோட்டார் பஸ் தெருக்கோடியில் நின்று ஊரையே கூப்பிடுகிற மாதிரி ஹாரன் அடிக்கும்; அவன் இமை துடிக்காது. திருமுக்கூடலில் ஆற்று மணலில் சில காலம் தங்கியிருந்த ஒரு சன்னியாசியிடம் கற்றுக்கொண்டது அது. வேஷமில்லை. உட்கார்ந்தால் மனசு நிஜமாகவே அடங்கிற்று. எழுந்து வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே தெருவில் நாலு பேர் வந்து பேச்சுக் கொடுப்பார்கள்.

எழுந்த பிறகுதான் சங்கடம். அதுவரை அடங்கிக் கிடந்த மனசு, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி எங்கேயாவது ஓடிவிடும். வேஷ்டியை உலர்த்தக் கொல்லைக்குப் போனவன், ஈர வேஷ்டியோடு வாசல் வழியாகத் திரும்பி வருவான். தண்ணீர் இழுத்துக் குடத்தைக் கிணற்றங்கரையிலேயே வைத்துவிட்டுத் தாம்புக்கயிற்றை மட்டும் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து சேர்ப்பான். இதில் விசேஷம் என்னவென்றால், இந்த மனுஷனுக்கு உத்தியோகம் ஒரு சின்னப் பெருமாள் கோயிலின் திருமடைப்பள்ளியில், சுவாமிக்குத் தளிகை பண்ணுவது.

அவன் மனைவி மங்கை தியானம் என்று ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவர்களுடைய ஒரே பெண் குமுதவல்லிக்கு ஐந்து வயசு, வலிப்பு உண்டு. கலகலவென்று பேசிக்கொண்டே இருக்கிற குழந்தை, சொல்லாமல் கொள்ளாமல் விழும். கை கால் இழுத்துக்கொள்ளும். அடுப்புப் பக்கத்தில் விழுமோ, கிணற்றடியில் விழுமோ யாருக்குத் தெரியும். வயசு ஏற ஏறக் குறையலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டது மங்கைதான்.

போன வருஷம் ஒரு நாள் அவள் குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். சந்நிதியில் கொஞ்ச நேரம் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை. பிராகாரத்தைக்கூடச் சுற்றி முடிக்கவில்லை. பால் ஊற்றுகிற சம்பூர்ணம் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"ஓடியாம்மா. கொயந்த கூடத்துல விழுந்து இஸ்த்துக்கினு கெடக்குது. சாமி பக்கத்துலயே கண்ண மூடிக்கினு குந்தினுகீறாரு."

மங்கை போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் நெற்றி நிலைப்படியில் அடிபட்டு ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. கூடவே ஓடிவந்த சம்பூர்ணம் போட்ட கூச்சலில்தான் சம்பத்குமார் கண்ணைத் திறந்து மலங்க மலங்க விழித்தான். "எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்றான். அந்தக் குரலில் பதற்றம் இருந்தது. பதற்றத்துக்கு அடியில், தியானம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறதே என்று ஒரு துளி வியப்பும் இருந்தது. மங்கைக்கு அது கேட்டுவிட்டது. அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து குழந்தையை அவன் பொறுப்பில் விடவுமில்லை. தண்ணீர் இழுக்கப் போனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். தெருவில் சிலர் இதையும் அவன் தியானத்துக்குப் பெருமையாகவே பேசினார்கள். அப்படிப் பேசியவர்களைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

திருமடைப்பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் தளிகையை ருசி பார்க்கக் கூடாது. மோந்துகூடப் பார்க்கக் கூடாது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் கிளறுவார்கள். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் நாக்கைக் கேட்க முடியாது, மனசைத்தான் கேட்க வேண்டும். சம்பத்குமாரின் மனசு அந்த நேரத்தில் ஊரில் இருந்தால்தானே. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பிரசாதத்தில் யாரும் குறை சொல்லக் கூடாது.

புரட்டாசிச் சனிக்கிழமை அன்று புளியோதரைக்கு அவன் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டான். பெருமாளுக்குக் காட்டியாயிற்று, பிரசாதம் கொடுத்தாயிற்று. சேவிக்க வந்தவர்கள் பக்தியோடு கையில் வாங்கினார்கள், பக்தியோடு விழுங்கினார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கிணற்றடிக்குப் போய் நின்றார்கள். அர்ச்சகர் கோதண்டபாணி பட்டர், "திவ்யமா இருந்தது, சம்பத்து" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டார்.

அவன் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மங்கை ஒரு வாய் போட்டுக்கொண்டாள். முகம் மாறாமல் மென்று விழுங்கினாள். குழந்தைக்கு வைத்ததை மட்டும் மெதுவாக எடுத்துத் தயிர்சாதத்தில் கலந்தாள். அதற்குப் பிறகுதான் அவன் வாயில் வைத்தான். வைத்தவுடன் உலகத்தில் உள்ள உப்பளமெல்லாம் நாக்கில் வந்து இறங்கிற்று. இதையா பெருமாள் அமுது செய்தார் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயும் நம்மாத்துலே பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி ருசி பார்க்கறதில்லே" என்றான். "ஒரு நாள்கூட உனக்குத் தப்பினதில்லையே, மங்கை. எப்படி?"

"எனக்கே தெரியலே. போட்டா, போட்டது தெரியும். அவ்வளவுதான்." சற்று யோசித்தாள். "குழந்தை விழ ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படி ஆயிடுத்து. கை எந்த வேலையிலே இருந்தாலும் ஒரு காது அவகிட்டேயே இருக்கு. அது முழிச்சுண்டே இருக்கறதாலே மத்ததும் கண்ணுலே படறது. இதைத் தவம் கிவம்னு நினைச்சுக்காதீங்கோ. பயம்."

"உனக்கும் தியானம் சொல்லித் தரட்டுமா?"

நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அசடுகள் எப்போதும் நல்ல எண்ணத்தில்தான் கேட்கும்.

"நான் கண்ணை மூடினா யார் பார்த்துப்பா?" என்றாள் அவள். அதில் கோபமே இல்லை. "ஆசை இல்லாம இல்லே. யாரையும் பார்த்துக்காம, எதுக்கும் காதைக் கொடுக்காம, ஒரே ஒரு நாழிகை. கார்த்தாலே நீங்க எழுந்து வரச்சே உங்க முகத்தைப் பார்ப்பேன். அப்படி உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுண்டே அடுப்பு மூட்டுவேன்."

சம்பத்குமாருக்குச் சாதம் இறங்கவில்லை. தினமும் காலையில் அவன் அனுபவித்த அமைதி, பக்கத்து அறையில் ஒருத்தி விழித்துக்கொண்டிருந்ததால் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அந்த ஒரு நாழிகையைச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினான். குழந்தையை அவள் பயமில்லாமல் தன்னிடம் விட்டுவிட்டுப் போகும்படி ஆக வேண்டும். அதை வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது அவனுக்கே தெரியும்.

முதலில் தனக்குத் தெரிந்த வித்தையையே மடைப்பள்ளியில் காட்டினான். உப்பு வைத்திருந்த மரவையின்மேல் மனசைக் குவித்து, வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். உப்பு அன்றைக்குத் துல்லியம். அன்னம் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவதுதான் சாமர்த்தியம். அடுப்படியில் எதையும் விட முடியாது. அதற்காக எதன் பின்னாலும் ஓடவும் கூடாது. இது வேறு காரியம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு மங்கையைக் கவனிக்க ஆரம்பித்தான். கூடத்துக் குழந்தையை அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தோசைக்கு அரைத்துக்கொண்டிருப்பாள், குழந்தை பேசிக்கொண்டே விளையாடும், குழவி சுற்றும். பேச்சு சட்டென்று நின்றால் அவள் கையும் நிற்கும். மறுபடி பேச்சு கேட்டதும் குழவி சுழலும். அவளுக்கே தெரியாமல் இது நடந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்பவர்கள் உண்டு. சத்தம் நின்றதைக் கேட்கிறவளை அவன் இப்போதுதான் பார்க்கிறான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் ஓர் இழை அறுந்தாலும் காதால் கண்டுபிடிப்பார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். இங்கே தன் வீட்டிலேயே ஒருத்தி கத்திரிக்காய் அரிந்துகொண்டு, தெருவில் போகிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, பால் பொங்குவதற்கு முன் இறக்கிக்கொண்டு, ஒரு குழந்தையின் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

மடைப்பள்ளியில் அவனும் அப்படி நின்று பார்த்தான். ஈர விறகு சீறுவது கேட்டது. உலை கொதிக்கிற சத்தம் அரிசி வேக வேகத் தடித்துப்போவது கேட்டது. மனசு நடுநடுவே ஓடத்தான் செய்தது. ஓடினதைத் திட்டாமல் பிடித்துக்கொண்டு வருகிற பழக்கம் அவனுக்குத் திருமுக்கூடல் மணலிலேயே வந்திருந்தது. சன்னியாசியிடம் கற்றது வீண்போகவில்லை. உப்பைக் கையில் எடுத்தால் எடுத்தது தெரிந்தது. போட்டால் போட்டது தெரிந்தது. தை பிறந்த பிறகு ஒரு நாள் கோதண்டபாணி பட்டர் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று கையை நீட்டினார்.

வீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பான்; கீரை ஆய்வான். காலையில் அவன் உட்கார்கிற வழக்கம் நிற்கவில்லை. குழந்தை மங்கையிடம் தூங்குகிற நேரமாகப் பார்த்து அதை வைத்துக்கொண்டான். மங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போனால் மட்டும் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சாதாரணமாகச் சொன்னான்: "விழறதுக்கு முன்னாடி இடது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கறா. பேசிண்டிருக்கற பேச்சு பாதியிலே நின்னுடறது. அப்புறந்தான் விழறா."

மங்கையின் கை கரண்டியோடு நின்றது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

"எப்போ பார்த்தேள்?"

"போன தடவை. நீ அரிசி களைஞ்சிண்டே திரும்பி ஓடிவந்தியே, அப்போ. நானும் எழுந்துட்டேன். நீ முந்திண்டே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மோரை ஊற்றினாள்.

அடுத்த ஏகாதசி அன்று மத்தியானம், மங்கை குளித்து மடிசார் கட்டிக்கொண்டு குழந்தையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பெருமாள் உள்ளுலே கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்டாள். சொந்த வீட்டில் கேட்கிற அனுமதியா அது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கூடத்திலிருந்து பார்த்தால் பூஜை அறையில் அவள் முதுகு தெரிந்தது. குமுதவல்லி சோழிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. பெயர் யோசிப்பதற்காகக் குழந்தை நிறுத்தினால் போதும், உள்ளே முதுகு விறைக்கும். "இங்கேதான் இருக்கா" என்று அவன் மெதுவாகச் சொல்வான். விறைப்பு இறங்கும். இப்படியே சில தடவை. பிறகு குழந்தை நிறுத்தியபோதும் அந்த முதுகு அசையவில்லை. மங்கையின் தோள்கள் தாழ்ந்தன. குழந்தை விழ ஆரம்பித்த நாளிலிருந்து அந்தத் தோள்கள் தாழ்ந்து அவன் பார்த்ததில்லை.

"அப்பா, இது கோமளா, இது கோமளாவோட..."

விரல் மடங்கிற்று. குழந்தை சாய்வதற்கு முன் அவன் உள்ளங்கை அதன் தலைக்கு அடியில் போய்விட்டது. ஒருக்களித்து மடியில் கிடத்திக்கொண்டான். இரும்பைக் கையில் கொடுப்பது வழக்கம். சாவிக்கொத்தை எடுத்தால் சத்தம் போடும் என்று ஒரே ஒரு சாவியை மட்டும் உருவிக் கொடுத்தான். குதிகால்கள் தரையில் அடித்தன. மேல்துண்டைக் காலால் இழுத்து அவற்றுக்கு அடியில் தள்ளினான். பிஞ்சு உடம்பு இழுத்து இழுத்து அதிர்ந்தது. மங்கை என்று கத்த வேண்டும்போல ஒரு பயம் எழுந்து வந்தது. இத்தனை வருஷமாக அவள் தனியாகச் சுமந்த பயம் இதுதானா என்று நினைத்துக்கொண்டான். கத்தவில்லை.

வாசலில் பால் செம்போடு வந்த சம்பூர்ணம் திகைத்து நின்றாள். அவன் உதட்டில் விரலை வைத்து உள்ளே காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். மங்கையின் முதுகைப் பார்த்தாள். செம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"உக்காந்துருக்கட்டும், சாமி" என்று கிசுகிசுத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போய்விட்டாள்.

வலிப்பு நின்றது. எச்சிலைத் துடைத்தான். குழந்தை பெருமூச்சு விட்டு அவன் மடியிலேயே தூங்கிப்போயிற்று.

மங்கை வெளியே வந்தபோது அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த முகத்தோடு மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். அதன் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"வந்துதா?"

"வந்தது. போயிடுத்து."

"கூப்பிட்டிருக்கப்படாதா?"

"பார்த்துண்டேன்."

அவள் குனிந்து குழந்தையின் தலையைப் பின்புறம் வரை தடவிப் பார்த்தாள். எங்கும் வீக்கமில்லை. அவன் புறங்கையில் முட்டிகள் தரையில் தேய்ந்து தோல் உரிந்திருந்தன. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணீர் அதன்மேல் விழுந்து எரிந்தது.

குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து அவன் மடியைத் தளர்த்தினான். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்" என்றாள்.

உள்ளே போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டாள்.